எட்டாவது நிமிடத்துப் புல்லாங்குழல்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே வெயில். யூனிஃபார்ம் இன்னும் ஈரம், அப்படியே போட்டுக்கொண்டேன். வாங்க வேண்டியவை: ஹேர்பின், கொசுவத்தி, அம்மாவுக்குத் தைலம்.

கம்பெனி பஸ் மண்ணூருக்கு லேட். ஸ்ரீபெரும்புதூரில் ரா. ஏறினாள். புது நோட்டு, அதனால் முறையாக எழுதுகிறேன்: ரா. என்றால் ராஜி. தென்காசிப் பக்கம். ஹாஸ்டலில் இருக்கிறாள். இரண்டு வருடமாக ஒரே லைன், ஒரே ஷிப்ட், பஸ்ஸில் ஒரே சீட்.

வழக்கம்போலக் காதில் ஜெர்மன் இசைக்குழு. நைட் ஷிப்ட் சமயத்தில் பகலில் தூக்கம் வர இசை வேண்டுமென்று ரா. தேடப்போய், ஃபோன் தானாக இந்தக் குழுவுக்குத் தாவிவிட்டது. நாங்கள் பிறப்பதற்கு ரொம்ப முந்தைய ஆட்கள். பாட்டு கிடையாது, வானத்தில் மெஷின் ஓடுகிற மாதிரி இருபது நிமிடம். தூக்கம் போனதுதான் மிச்சம். ஏழு ஆல்பம். பேர் வாயில் நுழையாது, அட்டையைப் பார்த்து நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

இயர்போன் என்னுடையது. எல் லதாவுக்கு, அதாவது எனக்கு, ஆர் ராஜிக்கு என்று முதல் நாளே பிரித்தாயிற்று. ஒருத்தி காது அழுக்கு இன்னொருத்திக்கு வேண்டாம்.

இன்றைக்குச் சண்டை. மஞ்சள் ஆல்பம், எட்டாவது நிமிடம்.

"இந்தா, புல்லாங்குழல் வருது பாரு" என்றாள்.

"எங்கடி வருது? உர்ர்னு ஒரு சத்தம்தான் கீது."

"உர்ருனு ஒண்ணுமே இல்லட்டி. கொழலுதான். நல்லாக் கேளு."

"பெரிய இவ மாதிரி பேசாத. எனக்கு இன்னா காது செவுடா?"

என் குரல் ஏறிவிட்டது. முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ரா. ஆர்-ஐக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமையோடு அவளுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது. ஞாயிறு ஓசூர் போகிறாள், அங்கே வேறு கம்பெனி. இருப்பதே ஆறு நாள். அதில் ஒன்றை ஒரு புல்லாங்குழலுக்காகக் கெடுத்துக்கொண்டேன்.

8, செவ்வாய்

ரா. பின் சீட்டில். கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. எல்-ஐ மட்டும் மாட்டி மஞ்சள், மூன்று முறை. குழல் இல்லவே இல்லை. ஆர் மடியில் கிடந்தது. அவளுடையது, தொடத் தோன்றவில்லை.

என் தீர்ப்பு, எழுத்தில்:

மலை (முதல் ஆல்பம்) – பழகுகிறார்கள். புது மெஷினுக்கு ட்ரயல் எடுக்கிற மாதிரி. போனால் போகிறது, பாஸ்.

மஞ்சள் – தங்கம்.

கறுப்பு – நடுவில் நாலு நிமிடம் ஒன்றுமே இல்லை. ரா.வுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அந்த இடத்தில் டிரம் பிளக்கிறது என்பாள். எந்த இடத்தில்?

பறவை – பாட ஆள் சேர்த்தார்கள், கெட்டது. ரிஜெக்ட்.

மீதி மூன்றும் ஒன்றுதான், அட்டை மட்டும் வேறு.

அம்மா: "இன்னா ஓயாம மோட்டார் சத்தத்தையே கேட்டுகினு கீற? பம்ப்செட்டாண்ட போய் குந்து, சும்மாவே கேக்கலாம்."

9, புதன்

லைனில் ரா. எனக்கு நேர் எதிரே. "அந்த ட்ரேய எடு" என்றாள். இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு வருடம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றதில் என் காது போய்விட்டதா? இல்லை அவள் பொய் சொல்கிறாளா? பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் காதுதான். ஆனால் அம்மா அடுப்படியில் முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறதே. ஒன்றும் புரியவில்லை. நாளை எங்கள் பேட்ச்சுக்குக் காது டெஸ்ட். பயம்.

10, வியாழன்

மேகம், மழை இல்லை. ஹேர்பின் மறந்தேன்.

காது டெஸ்ட். பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு நர்ஸ் அக்கா, "எந்தக் காதுல சவுண்டு வருதோ அந்தக் கையத் தூக்கும்மா" என்றார். இடது. இடது. வலது. இடதில் கூவும்போது வலதில் சுத்தமாக ஒன்றுமில்லை. தூக்கின கை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாம்மா, கேக்கலியா?"

"கேக்குதுக்கா. ஒரு காதுல வர்றது இன்னொண்ணுல வராதா?"

"தனித்தனியாத்தான விடறேன்."

எல் என்றால் லெப்ட், ஆர் என்றால் ரைட், அது தெரியும். செருப்பு மாதிரி, மாட்டுவதற்கு வசதி என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டையும் மாட்டினேன். எட்டாவது நிமிடம். வலது காதில் புல்லாங்குழல். கறுப்பில் அந்த நாலு நிமிடமும் டிரம், பிளக்கிறது. இரண்டு வருடமாகப் பாதி ஆல்பத்துக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். என் உர்ர் அவளுக்கும் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து பின்னால் போனேன். ரா. தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை.

11, வெள்ளி

ரா. லீவு, ஹாஸ்டலைக் காலி செய்ய மூட்டை கட்டுகிறாளாம். நாலு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தைலம் வாங்கியாச்சு.

12, சனி

அவள் ஏறியதும் பக்கத்து சீட்டைத் தட்டினேன். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சாரிடி. கொழல் கீது" என்றேன். காது டெஸ்ட் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஒன் இயர்போனத்தான கொண்டு போனேன்? அங்க வச்சு ரெண்டையும் மாட்டிக் கேட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஆளுக்கொண்ணு வாங்கிருவோம். பொறவு எதுக்கு ரெண்டு பேரும் ஒட்டி ஒக்காரணும்?"

"அப்புறம் திங்கக்கெழம எதுக்குச் சண்ட போட்ட?"

"இப்பதான் போறேன்லா. இனி நீ தனியாத்தான் கேப்ப. முழுசாக் கேக்கட்டுமேன்னுதான் கொழலு கொழலுன்னேன்."

எனக்குக் கோபமா அழுகையா, தெரியவில்லை. ஒரகடத்தில் கம்பெனி வாசல் வரும் வரை அவள் கையை விடவில்லை.

13, ஞாயிறு

காற்று. சாம்பார், அப்பளம். ஓசூர் பஸ் ஏறிவிட்டதாக ரா. மெசேஜ்.

மஞ்சள், இரண்டு காதிலும், முதலிலிருந்து கடைசி வரை. உர்ர் உண்டு, குழல் உண்டு, ஒரு குறையும் இல்லை. பிடிக்கவில்லை.