செவ்வாய்க்கிழமை பதினோரு மணி

வாலிகண்டபுரம்
21.6.2004

அன்புள்ள மாமாவுக்கு லீலாவதி எழுதிக்கொண்டது.

நானும் நம் பிள்ளை புவனாவும் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் தெரியவில்லை. அடுக்குப்பானையில் பருப்பு இருக்கிறது, வண்டு விழுவதற்குள் ஆக்கிக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொண்டு நான் அம்மா வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று, "ரோட்டுல லாரி போவுது, புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்களே, அன்றுதான் பயந்தேன். மூன்று நாள் புவனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் நீங்கள் ஓட்டின சுண்ணாம்புக்கல் லாரியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடிபட்டுப் போனதிலிருந்து நீங்கள் நீங்களாக இல்லை. அது குறுக்கே ஓடி வந்தது என்று கிளீனர் அமாவாசை அண்ணன் சாட்சி சொல்லி, கோர்ட்டிலும் விட்டுவிட்டார்கள். அப்புறமும் ஏன் இப்படி என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள்.

தங்கசாமி அண்ணன் உங்களைச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் கொண்டுபோய் விட்டால் தெளிந்துவிடும் என்கிறது. நானும் நேர்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ், திருச்சியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் ஒன்று சொன்னார்கள். எனக்காக ஒரு தடவை போய்வாருங்கள்.

உங்கள்
லீலாவதி


அரியலூர்
30.6.2004

அன்புள்ள லீலா,

நான் பைத்தியம் இல்லை. ஊர் சொல்லட்டும், நீ சொல்லாதே.

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டேன். கேட்காரர் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். டீ வாங்கிக் கொடுத்து, "ஊட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

புவனா என்னைக் கேட்கிறாளா?

செல்லதுரை


வாலிகண்டபுரம்
3.7.2004

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்த உடனே அண்ணனைக் கிளம்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை வரை அண்ணன் உங்களோடு வீட்டில் இருக்கும். தனியாக எங்கும் போகாதீர்கள். அன்றைக்குக் காலை ரயிலில் அதுவே உங்களைத் திருச்சிக்குக் கூட்டிப்போகும். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் ஏதாவது சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புவனா தினமும் கேட்கிறாள்.

லீலா


அரியலூர்
22.7.2004

அன்புள்ள லீலா,

மூன்று செவ்வாய்க்கிழமை போய்வந்துவிட்டேன். அங்கே என்ன செய்கிறார்கள் என்று உனக்குக் கவலையாக இருக்கும்.

முதலில் டாக்டர் பார்த்துத் தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சாந்தா மேடம் என்று ஒருவர். எனக்கு அக்கா வயசு இருக்கும். ஷாக் வைப்பார்கள் என்று பயந்துகொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஊசி எப்போது என்று கேட்டேன். "இந்த ரூம்ல ஊசியெல்லாம் இல்லைங்க. நீங்க பேசணும், நான் கேக்கணும்" என்றார்.

நான் சொல்வது எதுவும் வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வீட்டாரிடம் சொல்லவேண்டி வரும் என்றார். தண்டவாளத்தைப் பற்றி நேராகவே கேட்டார். மறுபடியும் அந்த எண்ணம் வந்தால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வேன் என்று பெயர் எழுதச் சொன்னார். உன் பெயரை எழுதினேன். அரியலூரிலேயே ஒருவர் வேண்டும் என்றார். கேட்காரர் பெயர் தெரியாது என்றேன். போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். வைத்திலிங்கமாம்.

இரண்டாவது வாரம் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. அந்தம்மா அவசரப்படுத்தவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் அந்த நாளைப் பற்றிச் சொன்னேன், கோர்ட்டில் சொன்ன மாதிரியே. அதற்குப் பிறகு உடம்பெல்லாம் எரிகிறது. முன்னைவிட மோசமாக இருக்கிறது. ஆரம்பத்தில் அப்படித்தான் கனக்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள் என்கிறார். இனி போகவேண்டாம் என்று தோன்றுகிறது லீலா. போனால் சொல்லிவிடுவேன்.

செல்லதுரை


வாலிகண்டபுரம்
26.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

எதைச் சொல்லிவிடுவீர்கள்? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த அம்மாவிடமாவது சொல்லுங்கள்.

புவனாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். ரோட்டைத் தாண்டும்போது என் கையை விடுவதில்லை.

லீலா


அரியலூர்
12.8.2004

லீலா,

சொல்லிவிட்டேன். அந்த அறையில் சொன்னதை உனக்கும் எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றியது. யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை குறுக்கே ஓடி வரவில்லை. பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தது. நான் தூங்கிப்போனேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் படுக்காமல் கல் ஏற்றி நடை அடித்திருந்தேன். கண் செருகி, திறந்தபோது வண்டி ஓரத்தில் இறங்கிவிட்டது. அமாவாசை அண்ணன் எனக்காகப் பொய் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதன் அம்மா கோர்ட்டு வாசலில், "எம்மவ ஓடுற புள்ளை இல்லய்யா" என்று என்னிடம் சொன்னாள். நான் குனிந்துகொண்டேன்.

சாந்தா மேடம் என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "இத்தனை நாளா ஒத்தையா தூக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். அப்போதுதான் அழுதேன். அந்தத் தாயிடம் போய்ச் சொல்வதா, கோர்ட்டுக்கே போய்ச் சொல்வதா என்று கேட்டேன். முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும், ஒரு வக்கீலிடமும் கேளுங்கள், எதைச் செய்தாலும் அதற்கு முன்னும் பின்னும் இங்கே வாருங்கள் என்றார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வைவதானாலும் எழுது.

செல்லதுரை


அரியலூர்
2.9.2004

லீலா,

பதில் இல்லை. தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறேன். வைத்திலிங்கம் அண்ணன் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமை தவறவில்லை. இதை மட்டும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

செல்லதுரை


வாலிகண்டபுரம்
14.9.2004

புவனா அப்பாவுக்கு,

அண்ணனிடம் காட்டவில்லை. கடிதத்தை அரிசிக் குதிருக்குள் வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷமாக நான் ஊரெல்லாம், "எங்க வூட்டுக்காரர் மேல தப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மாவை ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்து வளர்க்கத் தெரியவில்லை என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனாள். அந்த வார்த்தையை நான் எங்கே போய் எடுப்பது?

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். உங்களிடம் பேச என்னால் முடியவில்லை. புவனாவை அடித்துவிட்டேன்.

அந்த மேடத்திடம் கேளுங்கள், எனக்கும் நேரம் தருவார்களா என்று. உங்கள் செவ்வாய்க்கிழமை வேண்டாம். வேறு ஒரு நாள்.

லீலாவதி