நீங்கள் குறைச்ச ஆறு வயசு

என்ர அன்பான பெரியண்ணை,

முதல் சொல்லவேண்டியதை முதலே சொல்லிப்போடுறன். போன வியாழக்கிழமை நான் பனிமலையிலை இருந்து ஸ்கீயிலை சறுக்கி இறங்கினன். அது புதுசில்லை, அஞ்சு வருஷமா இறங்கிறன். புதுசு என்னெண்டால், கிளப்பிலை உள்ள அம்பது பேருக்கும் முன்னாலை, முதல் ஆளா, என்ர உண்மையான வயசோடை இறங்கினன். எழுபத்தொண்டு. நீங்கள் குறைச்ச ஆறு வயசையும் திருப்பி எடுத்துப்போட்டன் அண்ணை.

உங்கட ஆண்டுத் திவசத்துக்கு நினைவுமலர் அடிக்கப்போறம், மாமி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ எண்டு உங்கட மகன் கேட்டவன். போன வருஷம் முப்பத்தோராம் நாளுக்கு அடிச்ச மலரிலை உங்களைப் பற்றி 'பொய்யுரையாப் பெருந்தகை' எண்டு ஒரு வரி இருந்தது. எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்க, எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் தோள் குலுங்கிச்சுது. அழுகிறன் எண்டு நினைச்சு ரெண்டு பேர் முதுகைத் தடவி விட்டினம். இந்த முறை அந்த வரியைப் போடவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன்.

நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு வாசிக்கிற ஆக்களுக்கும் விளங்கவேணும். எனக்கு இருபத்தேழு வயசாகியும் ஒரு சம்பந்தமும் சரிவரேல்லை. கடைசியா என்ர மனுசனை, இவரைப் பேசி வந்தது. நல்ல பெடியன், நல்ல உத்தியோகம், ஆனால் இருபத்துநாலு வயசு. பொம்பிளை மூண்டு வயசு மூப்பு எண்டால் எந்தத் தேப்பன் ஓம்படுவார்? என்ர பிறப்புப் பதிவு துலைஞ்சு போச்சு எண்டு சொல்லி, நீங்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் ஒண்டு எடுத்தியள். அதிலை எனக்கு இருபத்தொண்டு. சாதகத்தையும் அதுக்கேத்த மாதிரிப் புதுசா எழுதுவிச்சியள். பத்திலை எட்டுப் பொருத்தம் எண்டு சாத்திரியார் சொன்னவராம். ஆரின்ர சாதகத்துக்கு அண்ணை எட்டுப் பொருத்தம்?

"தாலி ஏறுமட்டும் வாயைத் திறவாதை பிள்ளை" எண்டு சொன்னியள். நான் நாப்பத்திநாலு வருஷம் திறக்கேல்லை. கனடாவுக்கு வந்த பேப்பரிலையும் அந்த வயசுதான். இவர் என்னைவிட மூண்டு வயசு மூத்தவர் எண்ட நினைப்பிலை, "நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்" எண்டு சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தினவர். சொல்லிப்போடுவம் எண்டு நாக்கு நுனிவரைக்கும் வரும். விழுங்கிப்போட்டுச் சோறு போடுவன்.

கிளப்பை உங்களுக்குத் தெரியும். மல்வேர்னிலை எங்கட வீட்டுக்குக் கிட்ட, சமூக நிலையத்திலை வயசுபோன ஆக்களுக்கெண்டு நடத்திற ஸ்கீ கிளப். தை தொடங்கிப் பங்குனி வரைக்கும் ஒவ்வொரு வியாழனும் ஒரு பஸ், வடக்குப் பக்கமா ரெண்டு மணித்தியால ஓட்டம். நான் சேர்ந்த நேரம் பிக்கரிங்கிலை இருந்து ரெலிபோன் எடுத்து, "ஊரிலை சைக்கிள் ஓடத் தெரியாதவள் இஞ்சை மலையிலை ஓடப்போறாளாம்" எண்டு பகிடி பண்ணினியள். இவரும் கூட வருவார், ஆனால் பனியிலை கால் வைக்கமாட்டார். அடிவாரத்து மண்டபத்துக்குள்ளை அடுப்புக்குப் பக்கத்திலை இருந்து என்ர பையையும், தேத்தண்ணிப் போத்தலையும், றோல்ஸ் பெட்டியையும் காவல் காப்பார். நான் வரமுந்திப் பெட்டியிலை பாதி முடிஞ்சிருக்கும்.

அந்தக் கிளப்பிலை ஒரு வழக்கம் இருக்கு. வருஷத்தின்ர கடைசிப் பயணத்திலை, எழுபது தாண்டின ஆக்கள்தான் முதல் இறங்கவேணும். மலை உச்சியிலை நிண்டு, கிளப்பை நடத்திற ஜோன் எண்ட மனுசி ஒலிபெருக்கியிலை ஒவ்வொருவரின்ர பேரையும் வயசையும் வாசிப்பா. புதுசா அந்த வரிசையிலை சேருற ஆள் முன்னுக்கு, மற்றவை பின்னுக்கு. அவை அடிவாரம் போய்ச் சேருமட்டும் வேறை ஒருத்தரும் அசையப்படாது. எங்கட ஆக்களுக்குள்ளை வயசு போகப்போக, அன்ரி நீங்கள் இருங்கோ, அங்கிள் நீங்கள் விடுங்கோ எண்டு மூலையிலை இருத்திப்போடுவினம். இஞ்சை வயசு போனவையை முன்னுக்கு விடுகினம். எனக்கு அது வேணும் எண்டு நெஞ்சு கிடந்து அடிச்சுது. வெக்கமில்லாமல் சொல்லுறன், எனக்கு அதிலை சரியான ஆசை.

போன வருஷம் தையிலை எனக்கு எழுபது. கடைசிப் பயணத்துக்கு நான் போகேல்லை, நீங்கள் ஆசுப்பத்திரியிலை கிடந்தியள். பக்கத்திலை ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்துக் கேட்டன், "அண்ணை, இப்பவாவது இவருக்குச் சொல்லட்டோ?" நீங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னியள், "நான் போனாப்பிறகு சொல்லு. எனக்கு அவரின்ர முகத்திலை முழிக்கேலாது." ரெண்டு பேரும் சிரிச்சம். மற்றக் கிழமை நீங்கள் இல்லை.

ஊரிலை சண்டை முடிஞ்சுது அண்ணை. நீங்கள் போய் ரெண்டு மாசத்திலை முடிஞ்சுது. எப்பிடி முடிஞ்சது எண்டு உங்களுக்கு எழுத எனக்குக் கை வரேல்லை. அந்த மாசங்களிலை இஞ்சத்தையச் சனம் முழுக்க, சண்டையை நிப்பாட்டச் சொல்லி டவுன்ரவுண் றோட்டிலைதான் நிண்டது. நானும் எங்கட சின்னத் தங்கச்சி நாகேஸின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவள் வன்னிக்குள்ளை தனிய. நீங்கள் அதைப் பாக்காமல் போனது நல்லது எண்டு ஒரு நேரம் நினைப்பன். இன்னொரு நேரம், எனக்குப் பக்கத்திலை நிக்க நீங்கள் இல்லையே எண்டு கோவம் வரும்.

சண்டை முடியச் சனத்தை அடைச்சு வைச்ச முகாமிலை உள்ள ஆக்களைத் தேடித் தாறம் எண்டு இஞ்சை சில பிள்ளையள் படிவம் நிரப்பினவை. நான் தனியப் போய் நிரப்பினன். என்ர வயசு, பேப்பரிலை உள்ளபடி, அறுபத்துநாலு. நாகேஸுக்கு அறுபத்தெட்டு, உறவு தங்கச்சி. அந்தப் பிள்ளை என்னை நிமிந்து பாத்து, "தங்கச்சி எப்பிடி அன்ரி உங்களைவிட நாலு வயசு கூட?" எண்டு கேட்டுது. பதிவிலை பிழை எண்டு சமாளிச்சுப்போட்டு வந்திட்டன். அங்கை முகாமிலை நாகேஸ், கனடாவிலை ஒரு அக்கா, எழுபது வயசு எண்டு சொல்லியிருக்கிறாள். ரெண்டும் வேறை வேறை ஆக்கள் எண்டு நினைச்சு மூண்டு கிழமை அந்தத் தாளை ஒதுக்கி வைச்சிட்டினம்.

அவள் உயிரோடை இருக்கிறாள் அண்ணை. வருஷ முடிவிலை வெளியிலை விட்டாங்கள், இப்ப யாழ்ப்பாணத்திலை இருக்கிறாள். முதன்முதல் கதைச்சபோது, ரெண்டு பேரும் அழுது முடிச்ச பிறகு சொன்னாள், "அக்கா, உன்ர கலியாணப் பொய்யாலை நான் மூண்டு கிழமை ஒருத்தருமில்லாதவளா இருந்தன்." பகிடியாத்தான் சொன்னவள். எனக்கு அது பகிடியா இறங்கேல்லை. உந்த வயசை இனி என்ர வாயாலை சொல்லுறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்தன்.

இந்த முறை மலைக்குப் போறதோ விடுறதோ எண்டும் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. சனம் செத்து ஒரு வருஷம் ஆகேல்லை, உவவுக்கு உந்த வயசிலை சறுக்கு விளையாட்டு எண்டு கதைக்க ஆக்கள் இருக்கினம். அதையும் நாகேஸிட்டைத்தான் கேட்டன். "நான் உயிரோடை வெளியிலை வந்திருக்கிறன், நீ வீட்டுக்குள்ளை குந்தியிருந்து ஆருக்கு என்ன?" எண்டாள். அதுக்குப் பிறகு நான் ஒரு வியாழனும் விடேல்லை.

கடைசிப் பயணத்துக்கு முதல் கிழமை ஜோனிட்டைப் போய், எனக்கு எழுபத்தொண்டு, பேப்பரிலை உள்ளது பிழை எண்டு சொன்னன். அத்தாட்சி கேப்பா எண்டு பயந்துகொண்டு நிண்டன். அவ சிரிச்சுப்போட்டு, "இந்தக் கிளப்பிலை இவ்வளவு காலத்துக்கும் ஒருத்தரும் வயசைக் கூட்டிச் சொன்னதில்லை. நான் நம்புறன்" எண்டா. பேந்து, நான்தான் வரிசைக்கு முன்னாலை எண்டும், உச்சியிலை வாசிக்கிறது அடிவாரம் வரைக்கும் கேக்கும் எண்டும் சொன்னா.

மலை எனக்குப் பெரிசில்லை அண்ணை. இவரின்ர முகம்தான் பெரிசு. நாப்பத்திநாலு வருஷமா ஒரு பொய்யை மடியிலை கட்டிக்கொண்டு என்னோடை இருந்திருக்கிறாள் எண்டு இவர் நினைச்சிட்டால், பிறகு நான் எந்த மலையிலை இறங்கி என்ன? வீட்டிலை ஒரு கிழமை முழுக்கச் சொல்லப் பாத்தன், ஏலேல்லை. கடைசியிலை பஸ் வெளிக்கிட்டு, றிச்மண்ட் ஹில் பக்கமும் தாண்டினாப் பிறகுதான் வாய் வந்தது.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லவேணும். எனக்கு அறுபத்தஞ்சு இல்லை. எழுபத்தொண்டு."

கையிலை இருந்த றோல்ஸைக் கடிக்காமல் என்னைப் பாத்தார். "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

எல்லாத்தையும் சொன்னன். சான்றிதழ், சாதகம், நாகேஸின்ர மூண்டு கிழமை, ஒண்டும் விடேல்லை. இவர் விரலை மடிச்சு மடிச்சு எண்ணினார். "அப்ப நீ என்னைவிட மூண்டு வயசு மூப்பு."

"ஓம்."

"கொண்ணர் செய்த வேலையோ உது?" எண்டு உங்களைச் சொல்லிக் கேட்டார்.

"ஓம். ஆனால் நானும் தெரிஞ்சுதான் இருந்தனான்."

இவர் எழும்பி, பஸ்ஸின்ர கடைசிச் சீற்றிலை போய்த் தனிய இருந்தார். மலைக்குப் போய்ச் சேருமட்டும் திரும்பிப் பாக்கேல்லை. இறங்கினபோது என்ர பையையும் தூக்கேல்லை. அஞ்சு வருஷத்திலை முதல் முறையா அந்தப் பையை நான் தூக்கினன்.

கம்பியிலை தொங்கிற கதிரையிலை ஏறி மேலை போகேக்குள்ளை, சொல்லாமலே விட்டிருக்கலாமோ எண்டு ஒருக்கா நினைச்சன். உச்சியிலை எட்டுப் பேர் வரிசையா நிண்டம். எனக்குப் பின்னாலை நிண்ட மனுசிக்கு எண்பத்திமூண்டு. ஜோன் ஒலிபெருக்கியை எடுத்தா. "பவளம். எழுபத்தொண்டு." மலை முழுக்கக் கேட்டுது அண்ணை. அந்த இலக்கத்தை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல நான் கேட்டது அதுதான் முதல். இனித் திருப்பி விழுங்கேலாது எண்டு விளங்கிச்சுது. பயமும் அதோடை போச்சு.

தடியை ஊண்டித் தள்ளினன். முதல் வளைவிலை பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முழங்காலை மடிச்சு, ரெண்டு காலையும் முன்பக்கம் ஒடுக்கிப் பிடிச்சு, வேகத்தைக் குறைச்சு வளைச்சன். ரெண்டாவது வளைவிலை வலது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போச்சு, மறிச்சுப் பிடிச்சன். பேந்து மலை அகலமா விரிஞ்சுது. அதுக்குப் பிறகு நான் வேகத்தைக் குறைக்கேல்லை. ஏழு பேர் எனக்குப் பின்னாலை, அதுக்கும் பின்னாலை கிளப் முழுக்க மேலை காத்துக்கொண்டு நிக்குது. என்ரை வாழ்க்கையிலை நான் எதுக்கும் முன்னுக்குப் போனவளில்லை. அண்டைக்கு முன்னாலை பனியும் நானும்தான்.

அடிவாரத்திலை கைதட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிண்டுது. அதுக்கு நடுவிலை இவர். மண்டபத்துக்கு வெளியிலை, றோட்டிலை போடுற சாதாரண சப்பாத்தோடை, கணுக்கால் அளவு பனிக்குள்ளை. நான் வந்து நிண்டதைக்கூட அவர் கவனிக்கேல்லை. பக்கத்திலை நிண்ட கொரியாக்காரரின்ர கையைப் பிடிச்சுத் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை அடிச்சுக்கொண்டு நிண்டார். "மை வைஃப். செவென்ரி வன். மீ, ஒன்லி சிக்ஸ்ரி எயிற்." அந்த மனுசன் தலையாட்ட, இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு மனுசிக்கு அதையே முதலிலை இருந்து சொன்னார்.

எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு அண்ணை. ஹெல்மெற்றைக் கழட்டவும் ஏலேல்லை, அப்பிடியே நிண்டன்.

திரும்பி வரேக்குள்ளை எனக்குப் பக்கத்திலைதான் இருந்தார். றிச்மண்ட் ஹில் தாண்டினாப் பிறகு சொன்னார், "கொண்ணர் உண்மையைச் சொல்லியிருந்தால் எங்கட அப்பா ஓம்பட்டிருக்கமாட்டார். பேந்து எனக்கு எவள் வந்து வாய்ச்சிருப்பாளோ." அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் முழிக்கப் பயந்த முகம் அதுதான், பாத்திருந்தால் கட்டிப் பிடிச்சிருப்பியள். மல்வேர்னிலை இறங்கினபோது பையை என்னட்டை நீட்டி, "நீதானே மூத்தவள், தூக்கு, நான் சின்னப்பிள்ளை" எண்டார். ரெண்டு பேரும் பஸ் வாசலிலை நிண்டு சிரிச்ச சிரிப்பிலை றைவரும் சிரிச்சார்.

இனிப் பேப்பருகளைத் திருத்தவேணும். அது லேசான காரியமில்லை, நாலு பேர் கேள்வி கேப்பினம் எண்டு மகள் சொல்லுறா. கேக்கட்டும். நாகேஸ் அங்கை சத்தியக்கடதாசி முடிச்சு அனுப்புறாள். தன்ர அக்கா தன்னைவிட ரெண்டு வயசு மூத்தவள் எண்டு இவ்வளவையும் தாண்டி வந்து சத்தியம் பண்ண அவளாவது இருக்கிறாள்.

ஒண்டு மட்டும் உங்களுக்கு வாக்குத் தாறன். எந்தக் கந்தோரிலை ஆர் கேட்டாலும் உங்களைப் பொய்யன் எண்டு சொல்லமாட்டன். என்ரை அண்ணை தங்கச்சியிலை உள்ள பாசத்திலை பிழையா எழுதிப்போட்டார் எண்டுதான் சொல்லுவன். அது பொய்யில்லை அண்ணை, இந்த வயசிலை இனி நான் பொய் சொல்லமாட்டன்.

உங்கட பெரிய தங்கச்சி,
பவளம்
வயசு எழுபத்தொண்டு