ஆறு வீடுகளுக்கு வந்த கடிதம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் உங்கள் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் சைக்கிள் கடைக்கு வந்தது. உன் மாமாவுக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் புரை. அவர் எங்கே படிப்பது? பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் எதையும் தெருவுக்கே கேட்கும்படிதான் படிப்பார். "அறுவைக்குப் பின் வீட்டில் போதிய சுத்தம் பேணப்படாததாலும், சொட்டு மருந்து முறையாக இடப்படாததாலும் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம் எனக் கள ஆய்வில் தெரியவருகிறது." கீழே முகாம் அமைப்பாளர் என்று போட்டு உன் கையெழுத்து.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். சொட்டு மருந்து போட்டது நான். ஆக, என் புருஷன் கண்ணைக் கெடுத்தது நான். அதை என் தம்பி கையெழுத்துப் போட்டுத் தெருவுக்குச் சொல்லியிருக்கிறான்.

கள ஆய்வு என்றால் என்ன என்று இப்போதுதான் புரிகிறது. மாமாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ வந்தாய். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தேன். நீ அடுப்பைப் பார்த்தாய், தண்ணீர்க் குடத்தைத் திறந்து பார்த்தாய், நோட்டில் எழுதினாய். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, ஆபீசுக்கு என்றாய். என் டீயைக் குடித்துக்கொண்டே என்மேல் குற்றம் எழுதியிருக்கிறாய்.

முகாமுக்கு வரமாட்டேன் என்றுதான் மாமா சொன்னார். சக்கரத்தில் கோட்டம் எடுக்க ஒரு கண் தெரிந்தால் போதும், ஓடுகிறவரை ஓடட்டும் என்றார். நீதான் விடவில்லை. "பத்து நிமிஷ வேலை மாமா, மறுநாளே கம்பிய எண்ணிடலாம்"னு சொன்னாய். அறுவைக்கு மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். நான் அழுதேன். உன்னை வாழ்த்தினேன்.

வலி எப்போது ஆரம்பித்தது தெரியுமா? வீட்டில் இல்லை. அன்றைக்கு மத்தியானம், திரும்பி வரும் வழியில், பஸ்ஸில். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் அப்போது மருந்துப் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

இதற்குப் பதில் எழுது. ஆபீஸ் பதில் வேண்டாம்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் கோபம் நியாயம்தான். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். 'ஏற்பட்டிருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறோம். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ஆறு பேருக்கும் போனது ஒரே கடிதம்.

வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு இங்கே இலவசமாக அறுவை செய்கிறோம். நான் போகிற ஊர்களில் பஸ் நிற்பதே பெரிய விஷயம். கண் தெரியாமல் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டவர்களை நான் கையைப் பிடித்து வேனில் ஏற்றிக் கூட்டி வருகிறேன். போன மாதம் ஒரு அம்மா மூன்று வருஷத்துக்கு அப்புறம் மகள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்த உடனே, "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே"ன்னு திட்டினார்கள். வார்டே சிரித்தது. அந்தத் திட்டுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆறு கண் கெட்டுப்போச்சு என்று வெளியே பேச்சுக் கிளம்பினால் அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள். வராதவர்கள் அத்தனை பேரும் பார்வை இல்லாமலே இருந்துவிடுவார்கள். நான் அவர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

மாமாவின் இடது கண்ணைத் தள்ளிப்போட வேண்டாம். புரை முற்றிவிட்டது. நீ சரி என்றால் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

உன் பன்னிரண்டாயிரம் பேரும் நன்றாக இருக்கட்டும். நான் கேட்டது ஆறு பேரைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை மற்ற ஐந்து வீட்டுக்கும் போய் வந்தேன். நீ நோட்டை எடுத்துக்கொண்டு போன வீடுகள்தான். நான் வெறும் கையோடு போனேன். ஆட்டுக்காரர் வீட்டில் மருந்து போட்டது மருமகள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவளுடைய புருஷன் அவளோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறான், எழுந்து போகிறான். அந்தப் பெண் என்னிடம், "அக்கா, நான் சோப்புப் போட்டுத்தான் கையக் கழுவினேன், நீங்களாவது நம்புங்க"ன்னு கேட்டாள். நான் நம்பி என்ன ஆகப்போகிறது?

பழைய தபால்காரருக்குக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அவர் மகள் டீச்சர். எந்தெந்த மணிக்கு எத்தனை சொட்டு என்று காலண்டரில் எழுதி, போட்டதும் டிக் அடித்திருக்கிறாள். ஒரு வேளைகூட விடவில்லை. காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

ஆறு வீட்டிலும் மருந்து போட்டது ஒரு பெண். மனைவி, மகள், மருமகள். ஆறு பேருக்கும் ஒரே காலையில், ஒரே அறையில், வரிசையாக அறுவை நடந்திருக்கிறது. ஆறு பேருக்கும் இரண்டு நாளைக்குள் சீழ். ஆறு ஊரில், ஆறு தண்ணீரில், ஒரே சமயத்தில் ஒரே அழுக்கு எப்படியடா வரும்? நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கே தெரிகிறது. படித்த உனக்குத் தெரியாதா?

பெயர் எழுதவில்லையாம். தையல் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கிறவள், பதினோரு வருஷப் பழக்கம், சாப்பிடும்போது மெதுவாகச் சொல்கிறாள்: "கொஞ்சம் கையக் கழுவிட்டுப் போட்டிருக்கலாம்க்கா." அன்றைக்கு என் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மாமாவைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. அவருக்குக் கோபமே வரமாட்டேன் என்கிறது. "விடு, அவன் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது"ன்னு உனக்காகப் பேசுகிறார். கடையில் விரலால் தடவித் தடவிக் கம்பியை முறுக்குகிறார். நேற்று ஒரு ஆள் சைக்கிளை விட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வேற கடையில பார்த்துக்கறேன்னு எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இடது கண்ணைப் பற்றி நீ பேசாதே. உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் சொல்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அறுவையின்போது கண்ணுக்குள் கழுவ ஒரு திரவம் ஊற்றுவார்கள். பாட்டிலில் வரும். அன்று காலை நர்ஸ் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது லேசாகக் கலங்கியிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அதே பெட்டியில் இருந்த மற்ற பாட்டில்கள் தெளிவாகத் தெரிந்தன. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நிறுத்தவில்லை. அந்தப் பெட்டிதான் ஆறு பேருக்கும் போனது.

பிறகு மிச்சத் திரவத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஆறு பேரின் கண்ணில் இருந்த கிருமி அதிலும் இருந்தது. பெரிய டாக்டர் உடனே அந்தச் சரக்கையே நிறுத்தினார். வீடுகளுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை நிர்வாகியிடம் விட்டார். கடிதம் நிர்வாகி எழுதியது. பரிசோதனை முடிவு வந்தது பிப்ரவரி 25. நான் கையெழுத்துப் போட்டது 28.

ஆமாம், அக்கா. தெரிந்துதான் போட்டேன். ஆறு கடிதத்தையும் மேசையில் பரப்பினார்கள். நாலாவது மாமாவுடையது. கை நின்றது. நிர்வாகி, "என்ன சார், பேனாவுல மை இல்லையா?"ன்னு கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

இது வெளியே தெரிந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அந்த நர்ஸ். அடுத்தது நான். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

கலங்கலைக் கண்டுபிடித்ததே அந்த நர்ஸ்தான். அவளை உன் முன்னால் நிறுத்திக்கொண்டு ஒளியாதே.

நாலாவது கடிதத்தில் உன் கை நின்றதாம். முதல் மூன்றில் நிற்கவில்லையே, ஏன்? அதை யோசி. நான் மூன்று நாளாக அதைத்தான் யோசிக்கிறேன்.

முப்பதாம் தேதி முகாம் நாள் என்று உங்கள் நோட்டீஸில் பார்த்தேன். ஆறு வீட்டாரும் வருகிறோம். பெரிய டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் கூடத்தில் உட்காருவோம். கத்தமாட்டோம், கல் எறியமாட்டோம். நீ வந்து உன் வாயால் சொல். உன் கடிதம் என் பைக்குள் இருக்கும். என்னை எடுக்க வைக்காதே.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று கூடத்தில் பேசியதற்குப் பிறகு உனக்கு எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டேன். அவர்கள் என்னை வெளியே அனுப்பவில்லை, நிர்வாகியைத்தான் அனுப்பினார்கள். பெரிய டாக்டர் என்னை இருக்கச் சொன்னார். இரண்டு முகாமுக்குப் போயும் பார்த்தேன். வேனில் ஏற ஒரு பெரியவர் கையை நீட்டினார், பிடிக்க எனக்குத் துணிவில்லை. இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டிக் கொடுக்கிறேன். நர்ஸ் அங்கேயே இருக்கிறார். இனி ஒரு பாட்டில் கலங்கலாக இருந்தாலும் பெட்டியோடு ஒதுக்க வேண்டும், அன்றைய அறுவையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கே என்று எழுதிப் போட்டுவிட்டார்கள்.

மாமாவின் இடது கண் அறுவை முடிந்தது என்று அவரிடமிருந்துதான் கேள்விப்பட்டேன். உனக்கு நான் செய்ததற்கு மன்னிப்பு என்ற சொல் போதாது என்று தெரியும். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. எப்போது வரட்டும்?

தம்பி

மே 4

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "இவங்க யார்மேலயும் தப்பு இல்ல, தப்பு எங்க மேல, தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டேன்"னு சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கடிதம் போனதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர்மேலும் எனக்குக் கோபம் போகவில்லை. என்ன எழுதினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? ஆனால் ஆறு பேரிடமும் தனித்தனியாக வந்தார். தபால்காரர் முன்னால் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

புதுக் கடிதம் ஆறு வீட்டுக்கும் வந்தது. அதை ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று நானே படித்தேன். பக்கத்தில் இருக்கிறவள் ஏதோ சொல்ல வந்தாள். சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். ஆட்டுக்காரர் மகன் இப்போது மனைவியோடு பேசுகிறானாம். அவள்தான் பேசுவதில்லையாம். நல்லது.

இடது கண்ணை உங்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்வேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: "ஒரு கண்ணக் கெடுத்தவங்களுக்குத்தான் அடுத்த கண்ணு மேல பயம் இருக்கும். வேற இடத்துல யாருக்கு என்ன பயம்?" கிண்டலாகத்தான் சொன்னார், ஆனாலும் மறுநாளே பையைக் கட்டினேன். கூடப் போனேன். ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டில் மருந்து போடும் ஒவ்வொரு தடவையும் என் கை நடுங்கியது. முன்னால் நடுங்காத கை. அந்த நடுக்கம் நீ கொடுத்தது.

இப்போது நன்றாகத் தெரிகிறது. கடைக்குப் போகிறார். என் தலையில் இவ்வளவு நரையா என்று கேட்டார். பிப்ரவரிக்கு அப்புறம் வந்தது என்று சொன்னேன்.

நீ உண்மையைச் சொன்னது அந்த ஐந்து வீட்டுக்குப் போதும். அவர்களுக்கு நீ ஆஸ்பத்திரி ஆள். ஆஸ்பத்திரி தப்புச் செய்தது, ஒப்புக்கொண்டது, முடிந்தது. எனக்கு நீ ஆஸ்பத்திரி ஆள் இல்லையே. ஒரு மாதம் இந்தத் தெருவில் நான் குனிந்த தலையோடு தண்ணீர் பிடித்தேன். நீ அதற்குக் காரணம் என்பதுகூடப் பெரிதில்லை. நான் அப்படிச் செய்யவில்லை என்று நம் உறவில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாய்.

மாமாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். இந்தக் கண்ணால் இன்னும் அவனைப் பார்க்கவில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கு அன்றைக்கு ஷெட்டில் ஓவர்டைம். இல்லாவிட்டாலும் போவேன். இரண்டு பேருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன். ஐந்து மணிக்குள் சாப்பிட்டு, அவரோடு பேசிவிட்டுக் கிளம்பு. ஐந்தரைக்கு நான் வந்துவிடுவேன்.

இந்தக் கோபம் தீரும் என்றுதான் நினைக்கிறேன். தீர்ந்தால் நானே எழுதுவேன். அதுவரை கேட்டு எழுதாதே.

அக்கா