தொண்ணூற்றேழு டிகிரி

அன்பு மகளுக்கு,

நாற்பத்தேழு வயதில் மறுபடியும் மாணவியாகிவிட்ட உன் அம்மா எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எம்.எஸ்ஸி. முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் பழக்க தோஷத்தில் “உட்காருங்க” என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. விடுதியில் என்னோடு இருந்த பெண்ணும், டீச்சர் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று வேறு அறைக்குப் போய்விட்டாள். சில நாள் வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன்’ என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது.

போன மாதம் ஆய்வகத்தில் ஆறு தெர்மாமீட்டர்களைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். இருபது வருடம் பாடம் நடத்திய கை, ஆறுக்கும் நூறு என்று மளமளவென எழுதிவிட்டது. மூன்றாவது கருவி தொண்ணூற்றெட்டைத் தாண்டவே இல்லையாம். ஆய்வகப் பொறுப்பாளருக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நோட்டைப் பார்த்துவிட்டு, “மேடம், இது நீங்க பாத்த நம்பரா, தெரிஞ்ச நம்பரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

உன் ஒன்பதாம் வகுப்பு ரெக்கார்ட் நோட்டு நினைவுக்கு வந்தது. ‘நூல் கட்டிய தெர்மாமீட்டர்’ என்று குறித்து, கொதிக்கும் நீருக்கு நீ தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தாய். சிவப்பு மையால் அடித்து, உனக்கு மட்டும் தண்ணீர் தனியாகக் கொதிக்கிறதா என்று வகுப்பின் முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “அதுலதான் நின்னுச்சு டீச்சர்” என்றாய். அன்று வீட்டிலும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டாய். பிறகு அறிவியல் பக்கமே திரும்பவில்லை. எனக்கும் உனக்கும் இடையில் பேச்சு குறைந்ததும் அப்போதிருந்துதான்.

போன வாரம் படிப்பு விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க நம் பள்ளிக்குப் போயிருந்தேன். நீ குறித்திருந்த அந்த நூல் கட்டிய தெர்மாமீட்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றை வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டேன். அது நூறு காட்டியது. உன்னுடையது தொண்ணூற்றேழில் நின்றது. நீ பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாய், கண்ணு. உனக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் எனக்குப் பயந்து நூறு என்று எழுதினார்களோ.

என்னை மன்னித்துவிடு. அன்றே வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்த உன் பழைய நோட்டில் என் சிவப்புக் கோட்டை அடித்து, முழு மதிப்பெண் போட்டு, இன்றைய தேதியோடு கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் இதோடு வருகிறது.

ஞாயிறுதோறும் ‘நல்லா இருக்கேன்மா’ என்று ஒரு வரி அனுப்புகிறாய். நானும் அதையே திருப்பி அனுப்புகிறேன். இந்த முறை நான் பார்த்ததை எழுதுகிறேன்: இங்கே தனியாக இருக்கிறேன், உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. நீயும் எனக்குத் தெரிந்த பதிலை அனுப்பாதே. உள்ளதை எழுது. அம்மா இனி அதை அடிக்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அம்மா