இருபத்தைந்தாம் தேதிக் கடிதம்

ஜெயங்கொண்டம்
9.1.2023

அன்பும் மரியாதையும் கொண்ட ஷஃபியுல்லா பாய் அவர்களுக்கு,

கண்ணையன் எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் நான் கேட்டதாகச் சொல்லவும்.

நாம் போனில் பேசக்கூடாது, நேரிலும் பார்க்கக்கூடாது, விசாரணையில் அதையும் தோண்டுவார்கள் என்று உங்கள் வக்கீல் சொன்னதாக நம் பயிற்சியாளர் ராஜதுரை சார் சொன்னார். இரண்டு பஸ் மாறினால் உங்கள் கடை வாசலில் வந்து இறங்கிவிடுவேன். பதினாறு வருடம் உங்கள் குதிரைகளை ஓட்டிய ஜாக்கி உங்களுக்குத் தபாலில் கடிதம் போட வேண்டியதாகிவிட்டது.

டிசம்பர் ரேஸில் நம் குதிரை மைனா ஜெயித்த கையோடு சாம்பிள் எடுத்தார்கள் அல்லவா, அவள் மூத்திரத்தில் வலி மருந்து இருந்ததாம். யாரோ வேண்டுமென்றே கொடுத்தது என்று தீர்ப்பானால் உங்கள் பெயரில் இனி ஒரு குதிரையும் ஓடாது. மைனாவை எந்த மைதானத்திலும் விட மாட்டார்கள். பிப்ரவரி பதினாறாம் தேதி ரேஸ் கிளப்பில் விசாரணை.

நான் ஒன்றும் கொடுக்கவில்லை பாய். என் மனைவி பூமாலை மேல் ஆணையாகச் சொல்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் யாரிடமாவது கொடுக்கச் சொன்னீர்களா? இதை எழுதுகிறேன் என்றதும் “அவுங்ககிட்ட போயி இதக் கேப்பீங்களா”ன்னு பூமாலை சண்டைக்கு வந்துவிட்டாள். கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள்
கண்ணையன்


லப்பைக்குடிக்காடு
14.1.2023

அன்புத் தம்பி கண்ணையனுக்கு,

இறைவன் அருளால் இங்கு எல்லோரும் சுகம். நாளைக்குப் பொங்கல். உனக்கும் தங்கச்சி பூமாலைக்கும் வாழ்த்து. வருடா வருடம் கரும்புக் கட்டோடு வந்து நிற்பாய். இந்த வருடம் நாங்களே கடைத்தெருவில் வாங்கிக் கடிக்க வேண்டியதுதான்.

நான் கொடுக்கச் சொல்லவில்லை. நீ கேட்டது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு ரேஸிலாவது வேண்டுமென்றே தோற்கக் கடிவாளத்தை இழுத்துப் பிடி என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? வேறு ஆள் வந்து அப்படிக் கேட்டபோது, “பாய் குதிரைல உக்காந்துகிட்டு அந்த வேலையச் செய்ய மாட்டேன்”னு நீ சொன்னதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

வக்கீல் ஒரு கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். இது மனிதர்கள் சாப்பிடும் மாத்திரை என்கிறார் அவர். குதிரையிடம் இருந்தது துளிதான், வேகமாக ஓடவைக்கக் கொடுக்கிற அளவே இல்லையாம். அந்த மாத்திரை சாப்பிடுகிற ஆள் லாயத்து வைக்கோலில் ஒன்றுக்குப் போய், அந்த வைக்கோலைக் குதிரை மென்றால்கூட இப்படி வரும் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது.

அவசரமில்லை, யோசித்து எழுது என்று சொல்ல ஆசைதான். நாள் இல்லை, தம்பி.

அன்புடன்
ஷஃபியுல்லா


ஜெயங்கொண்டம்
19.1.2023

மரியாதைக்குரிய பாய் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முந்திரித் தோப்பில் போய் உட்கார்ந்தேன். பூமாலை வந்து கூப்பிட்டும் எழ முடியவில்லை.

நான்தான் பாய். மற்ற குதிரைகள் விசில் அடித்தால் ஒன்றுக்குப் போய்விடும். மைனா விசிலுக்கு மசிய மாட்டாள். புது லாயம் என்றால் அடக்கிக்கொண்டு நிற்பாள், மறுநாள் கால் வீசி ஓட மாட்டாள். நான் ஒரு மூலையில் நின்று வைக்கோலில் போனால்தான் அவளும் போவாள். “ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க”ன்னு ராஜதுரை சார் சிரிப்பார். அவள் படுக்கிற வைக்கோலை மெல்லுகிற பழக்கமும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி இல்லாமல் போய்விட்டது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நாளுக்கு ஒன்பது. முதுகு வலி நின்று ரொம்ப நாளாயிற்று, மாத்திரைதான் நிற்கவில்லை. போடாவிட்டால் கை நடுங்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. ரேஸ் அன்றைக்குக் காலையில் நான்கு போட்டுக்கொண்டுதான் மைனா மேல் ஏறினேன். பக்கத்தில் குதிரை ஓட்டிய பையன்கள் யாராவது என்னால் விழுந்து செத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

விசாரணையில் இதைச் சொன்னால் நீங்களும் மைனாவும் தப்பிப்பீர்கள். எனக்கு ஆயுளுக்கும் லைசென்ஸ் இருக்காது. நாற்பத்தொரு வயது ஆகிறது, வேறு வேலை தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். மாத்திரை எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். நானே வாங்கினேன் என்பேன்.

ஆனால் நமக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு நான் குதிரையிலிருந்து விழுந்து, இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, பெரம்பலூரில் தெரிந்த மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிவந்து “போட்டுக்கிட்டு ஏறுடா, இந்த சீசன் மட்டும்”னு என் கையில் கொடுத்தது நீங்கள். அதை ஒரு வரி எழுதிக் கொடுங்கள். விசாரணைக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். பூமாலை என்னைக் கெட்டுப்போனவன் என்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
கண்ணையன்


லப்பைக்குடிக்காடு
25.1.2023

தம்பி கண்ணையா,

நீ கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். டாக்டர் சொன்னபோது நானும் உன் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மைனா வேறு யாரையும் ஏற்ற மாட்டாள், சீசன் போய்விடும் என்ற அவசரம் எனக்கு. அடுத்த சீசனுக்கும் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு நீயே வாங்கிக்கொள்கிறாய் என்று தெரியும். உன் கண்ணைப் பார்த்தாலே தெரியும். கேட்கவில்லை, ஏனென்றால் நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய்.

இதைத் தங்கச்சியிடம் படித்துக் காட்டு. நீ கெட்டுப்போனவன் இல்லை. உன்னைக் கெடுத்தது என் கை.

நீ சொல்லாதே, வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும். அப்படித்தான் ஒரு மனிதன் எழுதுவான். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, கண்ணையா. என்னை மன்னித்துக்கொள்.

ஷஃபியுல்லா


ஜெயங்கொண்டம்
20.2.2023

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

விசாரணை அறை வாசலில் என்னைப் பார்த்தீர்கள், பேசிக்கொள்ள முடியவில்லை. வெளியே வந்தபோது உங்கள் வண்டி போய்விட்டது. வக்கீல் அவசரப்படுத்தியிருப்பார்.

லைசென்ஸ் போனதற்கு அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. அன்றைக்கு இரவு தூங்கினேன். அரியலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். ஒன்பது இப்போது ஐந்தாகியிருக்கிறது. உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. பூமாலை பக்கத்திலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுகிறாள். உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்துவிட்டாள். படித்த பிறகு என்னைத் திட்டுவதில்லை. நல்ல புடவைகளுக்கு நடுவில் அதை மடித்து வைத்திருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத முடியாததை எழுதினீர்கள், அது போதும். விசாரணைதான் முடிந்துவிட்டதே, ஒருநாள் புறப்பட்டு வாருங்கள். பூமாலை கோழி அடிக்கக் காத்திருக்கிறாள், உங்கள் ஊர் ஆளை வைத்தே அறுக்கச் சொல்லலாம்.

உங்கள்
கண்ணையன்


லப்பைக்குடிக்காடு
11.3.2023

அன்புத் தம்பி கண்ணையனுக்கு,

சுகம். நீ தேறி வருவது கேட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். நோன்பு நெருங்குகிறது, கடையில் நிற்க நேரமில்லை, அதனால்தான் வர முடியவில்லை. மைனா நன்றாக இருக்கிறாள். புது ஜாக்கியிடம் முதலில் முரண்டு பிடித்தாள், இப்போது பழகிவிட்டாள். நோன்பு முடிந்ததும் நீ நம் கடைக்கே வந்துவிடு. கிடங்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம். குதிரை உரிமையாளர் பதிவை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். என் கைப்பட எழுதிய எதுவும் வெளியில் இருக்கக்கூடாது என்று வக்கீல் பிடிவாதமாக இருக்கிறார். அந்த இருபத்தைந்தாம் தேதிக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அதைத் தபாலில் அனுப்பிவிடு. நீ யாரிடமும் காட்ட மாட்டாய், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நாளைக்கு மனுஷன் மனது எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும். கையில் வேலை இல்லாத நேரத்தில் என்னென்னவோ தோன்றும். மனதில் வைத்துக்கொள்ளாதே.

தங்கச்சிக்கு என் ஸலாம்.

அன்புடன்
ஷஃபியுல்லா


ஜெயங்கொண்டம்
18.3.2023

ஷஃபியுல்லா பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டது ஒரு கடிதம். இதுவரை நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதிக் கடிதத்தை மேலே வைத்திருக்கிறேன், தேட வேண்டியதில்லை. நகல் எடுக்கவில்லை. போனில் படமும் எடுக்கவில்லை.

பூமாலை கொடுக்க மாட்டேன் என்று பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “இத்தன வருசத்துக்கு ஒங்களுக்குன்னு மிஞ்சுனது இது ஒண்ணுதாங்க, இதயும் குடுத்துப்புட்டு நிப்பீங்களா”ன்னு அழுதாள். மூன்று நாள் கெஞ்சி வாங்கினேன். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

கடை வேலைக்கு வர முடியாது. தோப்பில் முந்திரி விழ ஆரம்பித்திருக்கிறது, பொறுக்குகிற கூட்டத்தில் நானும் போகிறேன். குனிந்தால் முதுகு வலிக்கிறது. மாத்திரை இல்லாமல் வலிக்கிறது, பரவாயில்லை.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். விசாரணையில் மாத்திரை யார் கொடுத்தது என்று மூன்று முறை கேட்டார்கள். பெயரைச் சொன்னால் தண்டனையைக் குறைக்கலாம், இரண்டு வருடத்தில் திரும்ப ஓட்டலாம் என்றார்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தீர்கள், இது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. தைரியத்துக்காக எடுத்துப் போயிருந்தேன். அதை வெளியே எடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை, பாய். நீங்கள் கேட்ட பிறகுதான் அப்படியும் செய்திருக்கலாம் என்று தெரிந்தது.

பதில் வேண்டாம்.

கண்ணையன்