நிழலை வெட்ட மாட்டேன்

பெங்களூர், 12-2-1938

தீர்த்தம்மாளுக்குத் தர்மன் எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

நீ பெட்டிக் கேமராவில் எடுத்த கன்றுக்குட்டிப் படத்தை ஸ்டூடியோவில் கழுவினேன். முதலாளி பார்த்துவிட்டு, "வாலக் காணோம். எடுத்தவங்க நெழலு வேற குறுக்க வுழுந்திருக்குது. அத வெட்டிட்டு பிரிண்டு போடு" என்றார்.

"அது என் பொண்டாட்டிங்க. வெட்ட மாட்டேங்க" என்றேன். அப்படியானால் வேலைக்கு வராதே என்றார். மறுநாளும் போனேன். வெட்டவில்லை.

வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னவன் நான்தானே? அடுத்த முறை இரண்டடி பின்னால் நின்று, மூச்சடக்கி அமுக்கு, வால் வந்துவிடும். காரிமங்கலத்திலிருந்து வருகிறவர்களிடம் கொஞ்சம் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பு.

படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கேமரா முன்னால் நீ ஒருநாளும் நின்றதில்லை. உன் படமென்று என்னிடம் இருப்பது இந்த நிழல்தான். தபாலுக்கு நேரமாகிவிட்டது. நிழல் விழாத படம் எனக்கு வேண்டாம்.