இரண்டு ஓரத்திலும் நீ

கோபக்காரிக்கு,

நீ புத்தூரிலுள்ள உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, இன்றுதான் பாகாலா மலைப்பக்கம் நடந்தேன். செல்போனை இடமிருந்து வலமாகத் திருப்பி பனோரமா படம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் மலை நடுவில் ஒடிந்துபோகிறது. காற்றில் கை ஆடுகிறது, வேறொன்றுமில்லை.

முன்பெல்லாம் இடது ஓரத்தில் நிற்பாய். நான் போனைத் திருப்பும்போதே என் முதுகுக்குப் பின்னால் ஓடி வலது ஓரத்திலும் நிற்பாய். "மெதுவா திருப்புய்யா, ஓடிக்கினுதானே கீறேன்" என்று கத்துவாய். ஒரே படத்தில் இரண்டு முறை விழுவாய்.

இன்று கடைசியாக எடுத்தபோது பழக்கதோஷத்தில், நீ ஓடிவர நேரம் விட்டுத் திருப்பியிருக்கிறேன். அந்தப் படத்தில் மட்டும் மலை ஒடியவில்லை. இரண்டு ஓரமும் காலி.

நீ கிளம்பிய அன்றைய பேச்சைப் பற்றி எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். ஒரு ஓரத்திலாவது வந்து நில்.

இப்படிக்கு,
எந்தப் படத்திலும் விழாதவன்